'இது நமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்ட ஹிஸ்டரி டீச்சர்

நீலமை எழுதியது:

எனக்கு ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் வரலாறு எடுத்த டீச்சர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். என் பக்கம் இரண்டு வாரமாக வெறுமையாகக் கிடக்கிறது. அன்பானவர், பொறுமையானவர், மறக்க முடியாதவர் என்று எழுதுவதும் அடிப்பதுமாகவே இருக்கிறேன். அத்தனையும் உண்மைதான், ஆனால் அதை எந்த டீச்சருக்கும் எழுதலாம், இவருக்கென்று இல்லை.

அவர் வந்த முதல் வாரம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "போன செவ்வாய்க்கிழமை இந்த வகுப்பறையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் எழுதுங்கள்" என்றார். இவ்வளவுதானா என்று நினைத்தோம். பத்து நிமிடத்தில் வகுப்பே சண்டையாகிவிட்டது. அன்று மழை பெய்தது என்று பாதிப் பேர், இல்லவே இல்லை, அது திங்கட்கிழமை என்று மீதிப் பேர். ஒருத்தி தன் நோட்டில் மை கரைந்திருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அது மழையில் நனைந்ததா, தண்ணீர் பாட்டில் கொட்டியதா என்று இன்னொருத்தி கேட்டாள். அப்புறம் யாரோ வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தால் அன்று எல்லோரும் வந்திருந்ததாகப் பதிவு. உடனே என் பக்கத்தில் இருந்த தோழி எழுந்து, "நான் அன்றைக்குக் காய்ச்சல் என்று மூன்றாவது பீரியடிலேயே வீட்டுக்குப் போய்விட்டேன் டீச்சர்" என்றாள்.

டீச்சர் எங்களைப் பார்த்து, "அப்படியானால் பதிவேடு பொய் சொல்கிறதா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார்: "பொய் சொல்லவில்லை. காலையில் யார் வந்தார்கள் என்ற கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொல்கிறது. நாம் அதனிடம் வேறு கேள்வி கேட்டுவிட்டோம்."

அடுத்த நாள் லோரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞரைப் பற்றிச் சொன்னார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4-ஆம் நூற்றாண்டில் ரோம் நகரையும் பேரரசின் மேற்குப் பகுதியையும் போப்புக்குக் கொடுத்ததாக ஓர் ஆவணம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. 1440-இல் வல்லா அதன் லத்தீன் மொழியைச் சொல் சொல்லாக எடுத்துப் பார்த்து, கான்ஸ்டன்டைன் காலத்தில் யாரும் இப்படி எழுதியிருக்க முடியாது என்று காட்டினார். அந்த ஆவணம் ரோமானிய அதிகாரிகளை 'சத்ராப்' என்று சொல்கிறது. அது பாரசீக ஆளுநர்களுக்கு உரிய பட்டம். ஆவணம் 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது என்பதுதான் இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. ஒரே ஒரு சொல் ஒரு போலியைக் காட்டிக்கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எந்தப் பாடத்தை முடித்தாலும் அவர் கடைசியாகக் கேட்கிற கேள்வி ஒன்றுதான், இது நமக்கு எப்படித் தெரியும்? இன்று நான் மருத்துவமனையில் செவிலியர். மருந்து கொடுத்தாகிவிட்டது என்று யாராவது சொன்னால், எப்படித் தெரியும், யார் பார்த்தது, எங்கே எழுதியிருக்கிறது என்று என் வாய் தானாகக் கேட்கிறது. அது டீச்சருடைய குரல்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. உங்கள் வரலாற்று ஆசிரியர் செய்ததில் எது உங்களிடம் தங்கிவிட்டது? நடந்த ஒரு சம்பவமாகச் சொல்லுங்கள், அதைப் படித்தாலாவது எனக்குக் கை ஓடுமா என்று பார்க்கிறேன்.


தேதிப்பிரியன் எழுதியது:

என் சார் உங்கள் டீச்சருக்கு நேர் எதிர். தேதிகளை மனப்பாடம் செய்ய வைத்தவர். வருடத்துக்கு நூறு தேதி, ஒன்றுகூடக் குறையக் கூடாது. இப்போதெல்லாம் தேதி மனப்பாடம் என்றாலே ஏதோ கொடுமை என்பதுபோலப் பேசுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அவரை நேசிப்பதே அதற்காகத்தான்.

ஒரு நாள் எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கையில் நீளமான கயிற்றுக்கட்டு. ஒரு சென்டிமீட்டர் ஒரு வருடம் என்று கணக்கு. ஒரு முனையில் நாங்கள், இன்று. கயிற்றைப் பிரித்துக்கொண்டே நடந்தோம். பிரெஞ்சுப் புரட்சி இரண்டு மீட்டருக்குச் சற்றுத் தள்ளி, நாலு எட்டில் வந்துவிட்டது. குட்டன்பர்க்கின் அச்சு ஐந்தரை மீட்டரில். கிளியோபாட்ரா இறந்த கி.மு. 30 சுமார் 20 மீட்டரில் இருந்தது, அங்கே ஒருவனை நிற்க வைத்தார். பிரமிடு எங்கே வரும் என்று கேட்டார். கிளியோபாட்ராவும் எகிப்து, பிரமிடும் எகிப்து, அதனால் பக்கத்தில் எங்கேயோ வரும் என்று எல்லோரும் இரண்டடி மூன்றடி தள்ளிக் கை காட்டினோம். அவர் பேசாமல் நடந்துகொண்டே இருந்தார். கிசாவின் பெரிய பிரமிடு 46 மீட்டர் பக்கத்தில் வந்தது. கிளியோபாட்ராவாக நின்ற பையன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான், பிரமிடைவிட நாங்கள்தான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தோம். எழுத்து பிறந்த இடம் 52 மீட்டர் பக்கம், அத்தோடு கயிறு முடிந்தது. "மனித இனத்துக்கு மூன்று லட்சம் வருடம் என்றால் இன்னும் எவ்வளவு கயிறு வேண்டும்?" என்றார். மூன்று கிலோமீட்டர். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றோம், யாரும் ஒன்றும் பேசவில்லை.

தேதி தெரிந்தால்தான் தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை ஒன்றோடொன்று இருப்பது தெரியும் என்பார். 1453 மே 29-இல் கான்ஸ்டான்டிநோபிள் ஒட்டோமான்கள் கையில் விழுகிறது. அதே வருடம் ஜூலையில் காஸ்டில்லோன் சண்டையோடு இங்கிலாந்து பிரான்ஸ் நூறாண்டுப் போர் முடிகிறது. அதே சமயத்தில் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அச்சு எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருக்கிறார். புத்தகத்தில் இவை மூன்றும் மூன்று பாடம். எங்கள் சாருடைய கயிற்றில் ஒரே முடிச்சு.

நீங்கள் அந்தச் செவ்வாய்க்கிழமையை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.


பின்வரிசை எழுதியது:

செவ்வாய்க்கிழமைக்கே என் ஓட்டும். என் சார் கதையையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லி ரொம்ப நாளாகிறது.

முதல் உலகப் போர் பாடம். ஒரு முழு வாரம் எடுத்துக்கொண்டார். வகுப்பை ஆறு கூட்டமாகப் பிரித்து ஆஸ்திரியா ஹங்கேரி, செர்பியா, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் என்று பெயர் கொடுத்தார். நான் ரஷ்யா. ஒவ்வொரு பீரியடும் 1914 கோடையின் சில நாட்கள். அந்தந்த நாளில் அந்தந்த நாட்டுக்கு என்ன தெரியுமோ அது மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு எங்கள் கைக்கு வரும், மற்றவர்கள் சீட்டைப் பார்க்கக் கூடாது. அதைப் படித்து நாங்கள் கூடிப் பேசி முடிவு எடுக்க வேண்டும், எடுத்த முடிவை அவர் கரும்பலகையில் எழுதுவார்.

ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டார் என்று முதல் சீட்டு. அப்புறம் பல வாரம் எங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை. ரஷ்யாவாக நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம், அது அப்போது எரிச்சலாக இருந்தது. ஜூலை 23-இல் ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு கொடுக்கிறது. வகுப்பில் குரல் உயர ஆரம்பித்தது. 28-இல் ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது. அடுத்து எங்கள் சீட்டு. ரஷ்யா பெரிய நாடு, படையைத் திரட்டி எல்லைக்குக் கொண்டுபோக ஜெர்மனியைவிட அதிக நாள் பிடிக்கும், தாமதித்தால் வேளை தவறிவிடும் என்று அதில் இருந்தது. நாங்கள் பேசிப் பார்த்து, சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தானே என்று படை திரட்டுவதாகச் சொன்னோம். சண்டை போடுவதாகச் சொல்லவில்லை, அதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். ஜூலை 30 என்று தேதி போட்டு சார் பலகையில் எழுதினார். ஜெர்மனிக்காரர்களுக்கு ஒரு சீட்டு போனது. அவர்கள் அதைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ரஷ்யா திரட்டி முடிப்பதற்குள் பிரான்சை அடித்து முடித்தாக வேண்டும் என்பது அவர்கள் திட்டம், அது எங்களுக்குத் தெரியாது. ஆகஸ்ட் 1 ரஷ்யா மீது, 3 பிரான்ஸ் மீது, 4-ஆம் தேதி பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி நுழைகிறது, அன்றே பிரிட்டன் இறங்குகிறது. பலகை நிரம்பிவிட்டது.

அப்போது நான் கை தூக்கி, "சார், நாங்கள்தான் போரை ஆரம்பித்தோமா?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது. அவர் வந்து என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கு முன்னால் எந்த ஆசிரியரும் என் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய ஆய்வாளர்கள் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை என்றார். உன் கையில் இருந்த சீட்டை வைத்து நீ எடுத்த முடிவு இது, இப்போது எல்லாச் சீட்டையும் மேஜையில் பரப்பிப் படி, அப்புறம் சொல் என்றார்.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போகாமல் அந்தச் சீட்டுகள் எல்லாவற்றையும் படித்தேன். அவரும் போகவில்லை, தேர்வுத்தாள் திருத்திக்கொண்டு எனக்காகவே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சீட்டையும் அவர் கையால் எழுதியிருந்தார், கார்பன் வைத்துக்கூட இல்லை, ஆறு நாட்டுக்கும் தனித்தனியாக. நாற்பது மாணவர்களுக்கு ஒரு பாடம் புரிவதற்காக ஒரு மனிதர் எத்தனை இரவு உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று இப்போது நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது. அன்றைக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. பிறகு அவர் இல்லை. நீலமை, நீங்கள் கட்டாயம் எழுதுங்கள்.


சாக்பீஸ்தூள் எழுதியது:

எங்கள் டீச்சர் ஒரு தடவை தப்பாகச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு மறக்காதது அதுதான்.

கொலம்பஸ் காலத்தில் எல்லோரும் பூமி தட்டை என்று நம்பினார்கள், கப்பல் விளிம்பில் விழுந்துவிடும் என்று பயந்தார்கள், அவர் ஒருவர்தான் துணிந்தார் என்று பாடம் நடத்தினார். நானும் கேட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன் கணக்குப் புத்தகத்தோடு எழுந்தான். எரடோஸ்தெனஸ் என்கிற கிரேக்கர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதாக இதில் இருக்கிறதே டீச்சர், உருண்டை என்று தெரியாமல் சுற்றளவை எப்படிக் கணக்கிட்டிருப்பார் என்று கேட்டான். சியீன் நகரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் அதே நாள் நண்பகலில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுகிறது, அந்தக் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கு என்று படமும் போட்டிருந்தது.

டீச்சர் அந்தப் புத்தகத்தை வாங்கி நின்றபடியே படித்தார். "எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். வேறொருவராக இருந்தால் உட்காரு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கழித்து வந்து, முதல் வேலையாகப் போன வாரக் குறிப்பை அடிக்கச் சொன்னார். கொலம்பஸ் காலத்தில் படித்தவர்களுக்குப் பூமி உருண்டை என்பது நன்றாகவே தெரியும், அவரை எதிர்த்தவர்கள் தூரத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள், ஆசியா அவர் சொல்கிற அளவு பக்கத்தில் இல்லை என்றார்கள், அதில் அவர்கள்தான் சரி, நடுவில் அமெரிக்கா இருந்ததால் அவர் பிழைத்தார் என்று விளக்கினார். தட்டைக் கதை பரவியதில் 1828-இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வாழ்க்கை வரலாற்றுக்குப் பெரிய பங்கு என்பதையும் தேடிக் கண்டுபிடித்து வந்திருந்தார்.

இதோடு விட்டிருந்தால்கூட நல்ல டீச்சர்தான். ஆனால் அவர் மற்ற பிரிவுக்கும் போய்ச் சொன்னார். அப்புறம் முந்தின வருடம் அவரிடம் படித்துவிட்டு மேல் வகுப்புக்குப் போய்விட்டவர்கள் இருந்தார்களே, அந்த வகுப்புக்கும் அனுமதி கேட்டுப் போய், போன வருடம் நான் உங்களுக்கு ஒரு விஷயம் தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என் அக்கா அந்த வகுப்பில் இருந்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் சொன்னது இதைத்தான், ஒரு டீச்சர் எங்கள் வகுப்பு வரை நடந்துவந்து தப்பு என்று சொன்னார் என்று.

கேட்ட பையன் பெயரைச் சொல்லி, இவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று எல்லா வகுப்பிலும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவன் பேச ஆரம்பித்தான்.


பழைய வானொலி எழுதியது:

எங்கள் சார் கொடுத்த விடுமுறை வேலை, வீட்டில் வயதான ஒருவரிடம் அவர் வாழ்க்கையில் பார்த்த ஏதாவது ஒரு பெரிய நிகழ்ச்சியைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வர வேண்டும் என்பது. திருத்தி எழுதினால் மார்க் கிடையாது. நான் பாட்டியிடம் கேட்டேன். பாட்டி நிலவில் மனிதர்கள் இறங்கிய செய்தியை வானொலியில் கேட்டதைச் சொன்னார். வீடே விழித்திருந்ததாம், தாத்தா மட்டும் வெளியே போய் நிலா எங்கே என்று வானத்தைத் தேடினாராம். தேதி கேட்டேன். 1969 ஜூலை 21 என்றார். புத்தகத்தில் ஜூலை 20 என்று இருந்தது. பாட்டிக்கு மறந்துவிட்டது என்று நினைத்து நான் 20 என்று மாற்றி எழுதிவிட்டேன்.

சார் படித்துவிட்டு, பாட்டி 20 என்றா சொன்னார் என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். ஒரு உலக உருண்டையை எடுத்து வந்தார். ஈகிள் ஓடம் நிலவில் இறங்கியபோது கிரீன்விச் நேரப்படி ஜூலை 20 இரவு 8 மணி 17 நிமிடம், அந்த நிமிடத்தில் அமெரிக்காவில் பகல், கிழக்கே போகப் போக எங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும் பார் என்று விரலை வைத்து நகர்த்திக் காட்டினார். பாட்டி இருந்த இடத்தில் அது 21-தான். "புத்தகமும் சரி, பாட்டியும் சரி. நீ மாற்றியதுதான் தப்பு" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. போய்ப் பாட்டியிடம் சொல் என்றார். சொன்னேன், பாட்டிக்கு அவ்வளவு பெருமை. அதற்குப் பிறகு அவராகவே கூப்பிட்டு, இதையும் எழுதிக்கொள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நோட்டு நிறைந்து இரண்டாவது நோட்டு வாங்கினோம்.


நீலமை எழுதியது:

பழைய வானொலி, அந்த நோட்டுகள் இன்னும் இருக்கின்றனவா?


பழைய வானொலி எழுதியது:

இருக்கின்றன. பாட்டி போய் ஒன்பது வருடமாகிறது. அவர் குரல் எங்களிடம் பதிவாக எதிலும் இல்லை, அந்த இரண்டு நோட்டில்தான் இருக்கிறது. திருத்தாமல் எழுதச் சொன்னதால் அவர் நிறுத்துகிற இடம், திரும்பச் சொல்கிற இடம் எல்லாம் அப்படியே இருக்கிறது. 20 என்று நான் மாற்றி, பிறகு அடித்து 21 ஆக்கிய இடமும் இருக்கிறது.


மூன்றாம்பீரியட் எழுதியது:

நான் இப்போது வரலாறு எடுக்கிற ஆசிரியை. பதினாறு வருடமாகிறது. உங்கள் எல்லோருடையதையும் படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீலமைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஓய்வு பெறும்போது கிடைக்கிற கடிதங்களில் நல்லவர், அன்பானவர் என்பதெல்லாம் நிறைய வரும், சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் எங்களுக்கு உண்மையில் தெரியாதது, நாங்கள் சொன்ன எது யாரிடம் போய்த் தங்கியது என்பதுதான். பீரியட் முடிந்து மணி அடிக்கும், நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். மருந்துச் சீட்டைப் பார்க்கும்போது அவருடைய குரல் உங்களுக்குக் கேட்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி அவருக்கு இதுவரை தெரிந்திருக்காது. அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

என்னை ஆசிரியையாக்கியவர் எங்கள் பத்தாம் வகுப்பு சார். அசோகர் பாடம் எல்லோரும் படித்திருப்பீர்கள். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள், அரசர் மனம் வருந்தினார் என்று. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று சார் கேட்டார். 13-ஆவது பாறைக் கல்வெட்டில் அசோகரே சொல்வது. பிராமி எழுத்தை 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்த பிறகுதான் அந்தக் கல்வெட்டுகளை நம்மால் மறுபடி படிக்கவே முடிந்தது, அதுவரை அவை கண்முன்னால் இருந்தும் பேசவில்லை என்றார். அதுவரைக்கும் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம், அந்தக் கல்வெட்டு கலிங்கத்தில் எங்கே இருக்கிறது, வரைபடத்தில் காட்டுங்கள் என்றார். தேடித் தேடிப் பார்த்தோம். கலிங்கத்தில் தௌலியிலும் ஜௌகடாவிலும் அசோகரின் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஆனால் அங்கே அந்த 13-ஆவது இல்லை. அதற்குப் பதிலாக, எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று சொல்லும் தனிக் கல்வெட்டுகளை வைத்திருக்கிறார். தோற்ற மக்களின் ஊரில் அந்த எண்களைச் செதுக்கவில்லை.

ஏன் என்று கேட்டோம். சார் பதில் சொல்லவே இல்லை. வெட்கமா, அரசியலா, புண்ணைக் கிளற வேண்டாம் என்ற கருணையா, நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் ஆறு பக்கம் எழுதினேன். தோற்றவர்கள் சொன்னதாக ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லையே என்று கடைசியில் எழுதியிருந்தேன். அந்த வரிக்குக் கீழே அவர் பென்சிலால் லேசாகக் கோடு போட்டிருந்தார். மார்க் போடவில்லை, குறிப்பு எழுதவில்லை, ஒரு கோடு மட்டும். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வரும்போது எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன்.

அந்தத் துண்டுச் சீட்டு விளையாட்டை அடுத்த வாரமே என் வகுப்பில் செய்யப்போகிறேன், பின்வரிசை. உங்கள் சாருக்கு நன்றி.


பின்வரிசை எழுதியது:

செய்யுங்கள் டீச்சர். ரஷ்யாவுக்குக் கொடுக்கிற பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.


நீலமை எழுதியது:

எழுதி முடித்துவிட்டேன். எல்லோரும் சொன்னதுபோல அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் எழுதினேன், கீழே மருத்துவமனை பற்றி மூன்று வரி.

எழுதும்போது ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன். காய்ச்சலோடு வீட்டுக்குப் போன தோழியை நேற்று தொலைபேசியில் பிடித்தேன், நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவள், மூன்றாவது பீரியட் என்ற இடத்தில் நிறுத்தினாள். இல்லையே, நான் சாப்பாட்டு மணிக்கு அப்புறம்தானே போனேன், டீச்சரிடமும் அப்படித்தானே சொன்னேன் என்றாள். எனக்கு அவள் எழுந்து நின்று மூன்றாவது பீரியட் என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அவளுக்கு அன்று சாப்பிட்டது, என்ன சாப்பிட முடியாமல் மிச்சம் வைத்தாள் என்பது வரை நினைவிருக்கிறது. அரை மணி நேரம் பேசினோம், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவு சிரித்தோம், கடைசியில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் அழுகையும் வந்துவிட்டது.

அதனால் பக்கத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது பீரியட், இது என் நினைவு. சாப்பாட்டு மணிக்குப் பிறகு, இது அவள் நினைவு. அடியில், காலை வருகைப் பதிவேடு இதற்குப் பதில் சொல்லாது டீச்சர் என்று எழுதி, நான் ஒரு கையெழுத்தும் அதற்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு இடமும் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறாள்.